சிவப்பு விளக்கில் முதல் வரிசை யாருக்கு? யாழ்ப்பாணச் சந்திகளில் மோட்டார் சைக்கிள்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலை ஏழேகாலுக்கு ஆஸ்பத்திரி வீதிப் பக்கம் வந்து மாட்டுப்பட்டவர்களுக்கு இந்தக் கேள்வி பதில் எதற்கு என்று சொல்லத் தேவையில்லை. வேம்படிக்கும் மத்திய கல்லூரிக்கும் பிள்ளைகளை ஏற்றிப் போகிற அப்பாக்கள், போதனா வைத்தியசாலைக்கு டியூட்டிக்கு ஓடுகிறவர்கள், கச்சேரி, வங்கி, கடை என்று போகிறவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சந்திக்கு வருகிறார்கள். வருகிறவர்களில் பெரும்பாலானோர் இரண்டு சில்லில்தான் வருகிறார்கள். சிவில் பொறியியல் படித்துவிட்டு, இன்னும் பழைய சிடி100 பைக்கில் ஓடித் திரிகிற ஒருவன் நான். தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

பைக்காரர்கள் ஒழுங்காக நின்றால் பிரச்சினையே இல்லைத்தானே?

எங்கே நிற்பது? இதைக் கேட்டால் பலரிடம் பதில் இல்லை. நிறுத்தற்கோட்டில் இரண்டு கார் நின்றால் வீதி நிறைந்துவிட்டது. பிறகு வரும் பைக்குகள் கார்களுக்கு இடையால், இடப்பக்க மண்ணால், சில வேளை எதிர்ப்பக்கத்தாலும் ஊர்ந்து முன்னுக்கு வருகின்றன. முன்னுக்கு வந்ததும் அங்கே இடம் இல்லை. கோட்டைத் தாண்டி, பாதசாரிக் கடவையில் போய் நிற்கிறார்கள். கடவையில் நடக்கிற ஆச்சி இவர்களைச் சுற்றிக்கொண்டு சந்தியின் நடுவுக்கு இறங்குகிறார்.

இதில் ஒழுங்கீனம் இல்லை என்று நான் சொல்லவில்லை. சிவப்பில் பாய்கிற டியோ ஸ்கூட்டிக்காரத் தம்பிக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதும் இல்லை. ஆனால் இலங்கையில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள். யாழ்ப்பாண வீதியில் அது இன்னும் கூடுதலாகக் கண்ணில் படும். ஒருநாள் சந்தியடித் தேத்தண்ணிக் கடையில் இருந்து எண்ணிப் பார்த்தேன். கார்களை விரல் விட்டு எண்ணலாம், பைக்குகளில் கணக்குத் தவறிவிட்டது. அப்படியான இடத்தில் கோடும் நேரமும் காருக்கே அளந்து வைக்கப்பட்டிருந்தால், பைக்காரர் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்வார்.

கனடாவில் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக நிற்கிறார்கள். இங்கே ஏன் முடியாது?

நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் சித்தப்பாமார் கட்டாயம் கேட்கும் கேள்வி. சரி, நிறுத்திப் பார்ப்போம். ஒரு பைக் சுமார் 2 மீற்றர் நீளம். முன்பின் இடைவெளியோடு 3 மீற்றர் என்று வையுங்கள். 15 பைக் ஒற்றை வரிசையில் நின்றால் 45 மீற்றர். அதோடு ஏழெட்டுக் கார், ஒரு மினிபஸ், நாலு ஓட்டோ. எங்கள் டவுணில் இரண்டு சந்திகளுக்கு இடையிலான தூரமே பல இடங்களில் கொஞ்சம்தான். வால் முந்திய சந்தியை அடைத்துவிடும்.

இன்னொன்று, பச்சை விழுந்ததும் ஒற்றை வரிசை ஒவ்வொன்றாகத்தான் கிளம்பும். ஒருவருக்கு ஒரு செக்கன் என்று பிடித்தாலும் 15 பைக்குக்கு 15 செக்கன். அதே 15 பேர் ஐந்து ஐந்தாக மூன்று வரிசையில் முன்னுக்கு நின்றால், ஏறத்தாழ ஐந்து செக்கனில் சந்தி காலி. ரொறன்ரோவில் பைக் குறைவு, பனிக்காலத்தில் அதுவும் இல்லை. அந்த ஊர் வழக்கத்தை இங்கே இறக்குமதி செய்தால் கணக்கு உதைக்கும். அவுஸ்திரேலியச் சித்தப்பா இருந்தால் அவரைக் கேளுங்கள். நியூ சவுத் வேல்ஸில் 2014 யூலையிலிருந்து, நிற்கிற அல்லது மெதுவாக ஊர்கிற வாகனங்களுக்கு இடையால் மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேற்படாமல் பைக் முன்னேறலாம் என்று சட்டமே இருக்கிறது.

அப்படியென்றால் என்ன செய்யலாம்?

என்னைக் கேட்டால் முதலில் முன்பெட்டி. இந்தப் பக்கத்தில் ஒரேயொரு யோசனையைத்தான் ஞாபகம் வைக்கலாம் என்றால் இதை வையுங்கள்.

வாகனங்களின் நிறுத்தற்கோட்டை நாலைந்து மீற்றர் பின்னுக்குத் தள்ள வேண்டும். அதற்கும் பாதசாரிக் கடவைக்கும் இடையில் ஒரு பெட்டி வரைய வேண்டும். சிவப்பில் காரும் பஸ்சும் பின்கோட்டில் நிற்கும், பைக்குகள் முன்பெட்டிக்குள் வந்து பரவி நிற்கும். பச்சை விழுந்ததும் பெட்டி முதலில் காலியாகும். கார்க்காரர் காலை மாற்றி முதல் கியர் போட்டு அசைவதற்கு எப்படியும் இரண்டு செக்கன் பிடிக்கும். பைக்குகளில் முக்கால்வாசி அந்த நேரத்துக்குள் போய்விடும்.

இங்கிலாந்தில் சைக்கிள்களுக்கு இப்படி முன்கோடு போடத் தொடங்கி 40 வருடம் தாண்டிவிட்டது. தாய்வானில் மோட்டார் சைக்கிள் காத்திருப்புப் பெட்டி இல்லாத பெரிய சந்தியைத் தேடத்தான் வேண்டும். இந்தோனேசியாவின் பண்டுங் நகரில் சிவப்பு நிறத்தில் அடித்துவிட்டிருக்கிறார்கள். நம்மூர் நெரிசலுக்கு மிக நெருங்கிய உதாரணம் அதுதான் என்பது என் எண்ணம்.

அளவைப் பார்ப்போம். நிற்கிற பைக் ஒன்றுக்கு 2 மீற்றர் நீளம், முக்கால் மீற்றர் அகலம், அதாவது ஒன்றரைச் சதுர மீற்றர் போதும். கண்ணாடி, முழங்கால், கரியரில் கட்டிய வாழைக்குலை எல்லாம் சேர்த்து இரண்டு என்று வைப்போம். 6 மீற்றர் அகலமும் 5 மீற்றர் ஆழமும் உள்ள பெட்டியில் 15 பைக் நிற்கும். ஒரு சிவப்பில் 30 வந்தால் பாதிப் பேர் வெளியேதான். அப்போது பெட்டியை ஆழமாக்க வேண்டும், அல்லது சிவப்பைக் குறைக்க வேண்டும்.

பெட்டிக்கு வந்து சேருவதற்கு வழியும் வேண்டும். கார்கள் வீதியை முழுதாக அடைத்து நின்றால் பெட்டி வெறுமையாகக் கிடக்கும், பைக் பின்னால் நிற்கும். இடப்பக்கமாக ஒன்றரை மீற்றர் அகலத்தில் ஒரு நுழைவுப் பாதை கோடு போட்டுத் தர வேண்டும். பெட்டியை மட்டும் வரைந்துவிட்டுக் கைகழுவினால், முதல் வாரமே கார்க்காரர்கள் அதைத் தங்களுக்குக் கிடைத்த முன் ஆசனம் என்று நினைத்துவிடுவார்கள்.

பச்சை எவ்வளவு நேரம் என்று கணக்குப் போடும்போது பைக்கை எப்படி எண்ணுகிறார்கள்?

கார் ஒன்று என்றால் மற்றவை எத்தனை கார் என்று மாற்றி எண்ணுவார்கள். இந்தோனேசியாவின் 1997ஆம் ஆண்டு வீதிக் கொள்ளளவுக் கையேட்டில், எதிர்ப்பக்க வாகனம் குறுக்கிடாத சந்தியில் பைக் ஒன்று 0.2 கார், குறுக்கிட்டால் 0.4 கார். அதாவது ஐந்து பைக் ஒரு காருக்குச் சமன், அல்லது இரண்டரை பைக். எந்த எண்ணைப் போடுகிறோம் என்பதில்தான் விளையாட்டு. ஐம்பது பைக் வரும் ஒரு கிளைக்கு ஒரு கணக்கில் பத்துக் காருக்கான பச்சை, மற்றதில் இருபது காருக்கான பச்சை. யாழ்ப்பாணச் சந்தியில் நின்று அளந்த எண் வேண்டும். வேறு ஊர் எண்ணைக் கடன் வாங்கினால் பிழைப்பது இங்கேதான்.

சிவப்பு ஏன் இவ்வளவு நீளம்? குறைத்தால் நெரிசல் குறையாதா?

ஒவ்வொரு முறை பக்கம் மாறும்போதும் கிட்டத்தட்ட 4 செக்கன் யாருக்கும் பயனில்லாமல் போகிறது. கிளம்பும் தாமதம், மஞ்சளின் வால், எல்லாப் பக்கமும் சிவப்பாக நிற்கும் இடைவெளி. நாலு பக்கத்துக்கும் தனித்தனிப் பச்சை என்றால் ஒரு சுற்றுக்கு, அதாவது நாலு பக்கமும் ஒருதரம் பச்சை பெற்று முடிகிற நேரத்துக்கு, 16 செக்கன் வீண். சுற்று 60 செக்கன் என்றால் கால்வாசிக்கு மேல் வீண், 120 என்றால் எட்டில் ஒரு பங்குதான். அதனால் பொறியியலாளர்களுக்கு நீண்ட சுற்றில் ஒரு ஆசை. இங்கிலாந்தின் போக்குவரத்து ஆய்வாளர் வெப்ஸ்டர் 1958இல் எழுதிய சூத்திரமும், வாகனம் கூடக் கூடச் சுற்றை நீட்டு என்றுதான் சொல்லும்.

ஆனால் அது வரிசையில் நிற்கும் கார்களுக்கான நியாயம். பைக்குகள் அதிகமான இடத்தில் சிவப்பு நீளும்போது முன்பெட்டி நிரம்பி வழியும், பொறுமையும் வழியும். தார் றோட்டில், பங்குனி வெயிலில், ஹெல்மெட்டோடு ஒன்றரை நிமிடம் நின்று பார்த்தவருக்கு விளங்கும். நாலு தனிப் பச்சைக் கட்டங்களை மூன்றாகவோ இரண்டாகவோ சுருக்க முடிகிற சந்தியில் சுருக்கிவிட்டு, சுற்றையும் குறைப்பதுதான் நல்லது. அதற்கு வலப்பக்கத் திருப்பத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு முதலில் பதில் வேண்டும்.

சரி, வலப்பக்கம் திரும்புகிற பைக்கை என்ன செய்வது?

விளக்குச் சந்தியில் பைக்காரருக்கு இருக்கிற பெரிய ஆபத்து இதுதான். நடுவில் போய் நின்று, எதிரே வருகிற மினிபஸ் விடுமா விடாதா என்று பார்த்துக்கொண்டு, பின்னால் கோர்ண் அடிக்கிற வானுக்கும் பயந்துகொண்டு திரும்புவது.

தாய்வானில் இரண்டு கட்டத் திருப்பம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே வாகனம் வலப்பக்கம் ஓடுவதால் அவர்களுக்கு அது இடப்பக்கத் திருப்பம். நமக்கு மாற்றிச் சொல்கிறேன். டவுணிலிருந்து பலாலி வீதியால் வருகிறீர்கள், திருநெல்வேலிச் சந்தியில் வலப்பக்கம் கல்வியங்காட்டுப் பக்கம் திரும்ப வேண்டும் என்று வையுங்கள். பாதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் இந்த உதாரணம். பச்சையில் இடக்கரையோடு நேரே போங்கள். சந்தியைத் தாண்டுவதற்கு முன், இடப்பக்கக் கிளை வீதியின் நிறுத்தற்கோட்டுக்கு முன்னால் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அங்கே போய் பைக்கை வலப்பக்கம் பார்க்கத் திருப்பி நில்லுங்கள். அந்தக் கிளை வீதிக்குப் பச்சை விழும்போது, அவர்களோடு சேர்ந்து நேரே போங்கள். எதிரே வருகிறவரின் குறுக்கே நீங்கள் ஒருதரமும் வெட்டவில்லை.

மெல்பேணில் கார்களே இப்படித் திரும்புகிற சந்திகள் இருக்கின்றன, அங்கே நடுவில் ட்ராம் ஓடுவதால். நமக்கு இது புதிதாகத் தோன்றலாம். ஆனால் எங்கள் தாத்தாமார் சைக்கிளில் பெரிய வீதியைக் கடந்தது கிட்டத்தட்ட இப்படித்தான். ஓரமாகப் போய், காலை ஊன்றி நின்று, பார்த்துப் போவார்கள்.

குறை என்ன? ஒருவருக்குக் கூடுதலாக அரைச் சுற்றுக் காத்திருப்பு. சின்னச் சந்தியில் பெட்டிக்கு இடம் கிடைக்காது. மூன்று பைக் மட்டும் திரும்புகிற சந்தியில் இது தேவையும் இல்லை.

சிவப்பில் இடப்பக்கம் திரும்பலாமா?

பச்சை அம்புக்குறியோ, திரும்பலாம் என்ற பலகையோ இருந்தால் மட்டும். முன்னால் போனவர் திரும்பினார் என்பது அனுமதி இல்லை.

மஞ்சள் என்றால் வேகமாகப் போ என்றுதானே அர்த்தம்?

அப்படித்தான் பாவிக்கிறோம். மஞ்சளின் நேரம் ஒரு கணக்கிலிருந்து வருகிறது. மணிக்கு 50 கிலோமீற்றரில் வருகிறவருக்கு, கண்டு முடிவெடுக்க ஒரு செக்கன், பிறகு அளவாகப் பிரேக் பிடிக்கிற நேரத்தில் பாதி. கூட்டினால் மூன்று செக்கனுக்குச் சற்றுக் கூட. அந்த வேகத்தில் நிற்க 45 மீற்றருக்கு மேல் வேண்டும். விளக்குக்கு 20 மீற்றரில் மஞ்சள் விழுந்தால் போவதுதான் சரி. 60 மீற்றரில் விழுந்தால் நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ளவர்தான் தடுமாறுவார்.

பைக்குக்கு இது இன்னும் சிக்கல். எங்கள் வீதியோரங்களில் மண் படிந்திருக்கும். மண்ணில் முன்பிரேக்கை இறுக்கினால் விழுவீர்கள் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் நிற்பதைவிடப் போவது பாதுகாப்பாகப் படுகிறது. சந்திக்கு முன் 50 மீற்றருக்கு மண்ணைக் கூட்டி அள்ளினாலே மஞ்சளில் பாய்கிறவர்களில் கொஞ்சப் பேர் நிற்பார்கள். சொன்னால் சிரிக்கிறார்கள். விளக்குக்குச் செலவழிக்கிற ஊரில் விளக்குமாறுக்கும் கொஞ்சம் செலவழிக்கலாம்.

எல்லாப் பக்கமும் சிவப்பாக நிற்கிறதே, விளக்கு பழுதா?

பழுது இல்லை. சந்திக்குள் இருக்கிறவர் வெளியேறுவதற்கான நேரம். 20 மீற்றர் அகலமான சந்தியை 30 கிலோமீற்றர் வேகத்தில் போகிறவர் இரண்டரைச் செக்கனில் கடப்பார். சைக்கிளில் 15 கிலோமீற்றரில் போகிற ஐயாவுக்குக் கிட்டத்தட்ட ஐந்து செக்கன் வேண்டும். அந்த ஐயா இன்னும் எங்கள் வீதியில் இருக்கிறார். யுத்த காலத்தில் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியதையும் கண்டவர். அவர் நடுவில் இருக்கும்போது குறுக்குப் பக்கப் பைக்குகள் சீறிக் கிளம்பினால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க அதிக நாள் காத்திருக்கத் தேவையில்லை.

செக்கன் எண்ணிக் காட்டும் பலகை நல்லதா?

பாதி நல்லது. சிவப்பில் எண் தெரிந்தால் இஞ்சினை நிறுத்தலாம், மனமும் அடங்கும். ஆனால் மூன்று, இரண்டு என்று வரும்போதே முன்வரிசை உருளத் தொடங்கிவிடும். மற்றப் பக்கத்தில் பச்சையின் கடைசி எண்ணைக் கண்டவர் முறுக்கிக்கொண்டு வருகிறார். இரண்டு பேரும் சந்திக்கிற இடம் சந்தியின் நடு. சிவப்புக்கு எண்ணைக் காட்டி, கடைசி ஐந்து செக்கனில் அதை மறைத்தால் போதும் என்பது என் கட்சி.

ஓட்டோக்காரர்: நாங்களும் பெட்டிக்குள் வரலாமா?

அண்ணை கோவிக்கக்கூடாது, வரக்கூடாது. ஒரு ஓட்டோ நிற்கிற இடத்தில் இரண்டு பைக் நிற்கும். கிளம்புகிற வேகமும் வேறு.

பிள்ளை முன்னால், மனைவி பின்னால், நடுவில் பாடசாலைப் பை. இப்படி வருகிறவர் பெட்டியில் எங்கே நிற்பது?

இடப்பக்க ஓரம். பாரம் கூடினால் கிளம்பும்போது பைக் கொஞ்சம் ஆடும், அந்த முதல் இரண்டு மீற்றரில்தான் பக்கத்துக் கண்ணாடியில் முட்டுப்படும். சேலைத் தலைப்பைச் சிவப்பில் நிற்கும்போதே ஒருதரம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஹெல்மெட் பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம், கையில் தொங்கவிட அல்ல.

விளக்கு பச்சை, பொலிஸ் கையால் நிறுத்துகிறார். எதைக் கேட்பது?

பொலிஸ் கையை. பாடசாலை விடும் நேரத்தில் இது அடிக்கடி நடக்கும்.

பைக்குக்குத் தனி வீதியே போட்டால் என்ன?

மலேசியாவின் பெடரல் நெடுஞ்சாலையில் 1970களிலேயே போட்டார்கள். விபத்துகள் குறையவும் செய்தன. ஆனால் அது நீண்ட, அகலமான நெடுஞ்சாலை. கஸ்தூரியார் வீதியில் தனி வீதி போடுவதென்றால் ஒரு பக்கக் கடைகளை இடிக்க வேண்டும். ஏ9 வழியே டவுணுக்கு வெளியில் வேண்டுமானால் யோசிக்கலாம், அங்கேயும் சந்தி வந்ததும் இதே கேள்விகள் திரும்ப வரும்.

முன்பெட்டி போட்டும் நெரிசல் குறையவில்லை என்றால்?

சந்திக்கு அந்தப் பக்கத்தைப் பாருங்கள். விளக்கைத் தாண்டியதும் ஆள் ஏற்ற நிற்கிற மினிபஸ், நகைக்கடை வாசலில் இரண்டு வரிசையாக நிறுத்தின ஸ்கூட்டிகள், பாதி வீதியில் இறக்குகிற லொறி. வெளியேறும் வாய் அடைபட்டால் உள்ளே எத்தனை செக்கன் பச்சை கொடுத்தும் பயனில்லை. பஸ் தரிப்பை நன்றாகத் தள்ளிவைப்பதும், சந்தியோரப் பைக் நிறுத்தத்தைக் கிளை ஒழுங்கைக்குள் மாற்றுவதும் பெயின்ற் அடிப்பதைவிடக் கடினம். ஏனென்றால் அங்கே கடைக்காரர், பஸ்காரர் எல்லோரோடும் கதைக்க வேண்டும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றி வீதியை மறித்து, மாற்றுப்பாதை விட்டு, பைக் நிறுத்த இடமும் ஒதுக்குகிறோம், ஊர் ஒத்துழைக்கிறது. மற்ற நாளில் முடியாது என்பதை நான் நம்பமாட்டேன்.

பெட்டிக்கு அடிக்கிற பெயின்ற் மழையில் வழுக்காதா?

வழுக்கும், நல்ல கேள்வி. மழுமழுப்பான பெயின்றில் ஐப்பசி மழை விழுந்தால் கால் ஊன்றுகிறவரே சறுக்குவார். முழுப் பெட்டியையும் நிறத்தால் மூடுவதாக இருந்தால் சொரசொரப்பான மணல் கலந்த பூச்சு வேண்டும். காசு போதாவிட்டால் ஓரக் கோடும் நடுவில் ஒரு பைக் படமும் போதும்.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது?

வீதியைப் பொறுத்தது. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கீழ். சி, டி தர வீதிகள் மாகாணத்தின் வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ். உள் வீதிகள் மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ உரியவை. ஒரே சந்தியில் இரண்டு தரம் சேரும்போது கடிதம் மேசை மேசையாகச் சுற்றும், அதனால் இரண்டு இடத்துக்கும் பிரதி அனுப்புங்கள், போக்குவரத்துப் பொலிஸுக்கும் ஒன்று.

"நெரிசலாக இருக்கிறது" என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். ஒரு பாடசாலை நாள் காலை ஏழிலிருந்து ஏழரை வரை, ஒவ்வொரு சிவப்புக்கும் எத்தனை பைக் கோட்டைத் தாண்டி நிற்கிறது, அதில் எத்தனை வலப்பக்கம் திரும்புகிறது, ஒரு பச்சையில் போக முடியாமல் எத்தனை மிஞ்சுகிறது என்று மூன்று நிரலில் எழுதி அனுப்புங்கள். படம் எடுப்பதென்றால் நடுவீதியில் இறங்க வேண்டாம். சந்தியில் மாடிக்கடை வைத்திருப்பவரிடம் கேட்டால் யன்னலடியில் கதிரையும் போட்டுத் தருவார், பெரும்பாலும் தேத்தண்ணியும் வரும்.